சிவப்பு கறுக்கும்போது: பிக்கப் வண்டியின் பவர் ஸ்டீயரிங் ஆயில்

வண்டி வாங்கும்போது கையில் தரும் மேனுவலின் கடைசிப் பக்கங்களில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். என்ஜின் ஆயில், கியர் ஆயில், கிரவுன் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் என ஒவ்வொன்றுக்கும் நேராக இத்தனை ஆயிரம் கிலோமீட்டர், இத்தனை மாதம் என்று போட்டிருப்பார்கள். பவர் ஸ்டீயரிங் ஆயிலுக்கு நேராக மட்டும் பல கம்பெனிகளின் அட்டவணை ‘பார்க்கவும்’ என்பதோடு நின்றுவிடும். அளவு சரியாக இருக்கிறதா, எங்காவது லீக் ஆகிறதா என்று பார்த்தால் போதும் என்பது அதன் பொருள். மாற்று என்றும் சொல்லவில்லை, மாற்றாதே என்றும் சொல்லவில்லை.

இந்த மௌனத்துக்கு ஆளுக்கொரு அர்த்தம் சொல்கிறார்கள். வண்டியின் ஆயுளுக்கும் அந்த ஒரே ஆயில் போதும் என்பது ஒரு தரப்பு. வாரன்டி முடிந்த பிறகு என்ன ஆனால் கம்பெனிக்கு என்ன என்பது இன்னொரு தரப்பு. சர்வீஸ் சென்டரில் இருப்பவர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியதும் ‘ஃபிளஷ்’ என்று பில்லில் ஒரு வரி சேர்க்கப் பார்ப்பார். சாலையோரப் பட்டறைக்காரரோ, “ஓடுற ஸ்டீயரிங்ல கை வைக்காதீங்கண்ணே, அப்புறம் லீக் ஆரம்பிச்சிடும்” என்பார். இருவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. காய்கறி லோடு அடிக்கும் பிக்கப் ஒன்றைப் பதினொரு வருடம் வைத்திருந்து, அதன் ஸ்டீயரிங்குக்கு இரண்டு முறை பெரிய செலவு செய்தவன் நான். அதில் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆயிலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் எப்போது என்பதைக் கிலோமீட்டர் மீட்டரைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

ஓயாத சுற்று

அதற்கான காரணம் பவர் ஸ்டீயரிங் பிறந்த விதத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவில் பியர்ஸ் ஏரோ என்ற கம்பெனியின் டிரக் பிரிவில் பொறியாளராக இருந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். பாரம் ஏற்றிய டிரக்கைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்தவர். வேலையை விட்டு வந்து, மாசசூசெட்ஸ் மாநிலத்து வால்தம் ஊரில் ஒரு சிறு பட்டறையை எடுத்து இந்தச் சிக்கலோடு உட்கார்ந்தார். எண்ணெயை எந்நேரமும் அழுத்தத்தில் அடைத்து வைத்து, தேவைப்படும்போது வால்வைத் திறந்துவிடுவதுதான் அன்றைய ஹைட்ராலிக் இயந்திரங்களின் வழக்கம். டேவிஸ் அதைத் தலைகீழாக்கினார். வால்வு எப்போதும் திறந்தே இருக்கும், எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது மட்டும் வால்வு ஒரு பக்கத்தை மூடி அழுத்தத்தை ஏற்றும். 1926இல் ஒரு பியர்ஸ் ஏரோ காரில் இதைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். பெரும் பொருளாதார மந்தம் குறுக்கே வந்ததில் கார் கம்பெனிகள் தயங்கின. கடைக்கு வந்த முதல் பவர் ஸ்டீயரிங் கார் 1951இன் கிரைஸ்லர் இம்பீரியல்தான். கண்டுபிடிப்புக்கும் விற்பனைக்கும் நடுவே 25 ஆண்டுகள்.

இன்று ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங் உள்ள பிக்கப்பின் பானெட்டைத் திறந்தால் தெரிவது ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். என்ஜின் சுற்றும்போது பெல்ட் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் நிமிடத்துக்கு ஆறு முதல் பத்து லிட்டர் வரை ஆயிலைத் தள்ளுகிறது. தொட்டி, ஹோஸ், பம்ப், சக்கரங்களைத் திருப்பும் ரேக் அல்லது ஸ்டீயரிங் பாக்ஸ் எல்லாம் சேர்ந்து கொள்ளும் ஆயிலோ ஒரு லிட்டரை ஒட்டித்தான். அதாவது ஒவ்வொரு சொட்டும் நிமிடத்துக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் பம்புக்குள் புகுந்து வெளியே வருகிறது. வண்டி நேர்ச்சாலையில் போனாலும் சரி, டீக்கடை முன்னால் ஐடிலில் நின்றாலும் சரி, இந்தச் சுற்று நிற்பதில்லை.

ஆகவே இந்த ஆயிலின் வயதை என்ஜின் ஓடிய மணிக்கணக்கில்தான் எண்ண வேண்டும். ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் சராசரி 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் பிக்கப் 50,000 கிலோமீட்டரை ஆயிரம் மணி நேரத்தில் முடித்துவிடும். ஊருக்குள்ளேயே சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் கடைகடையாக இறக்கிப் போகும் பிக்கப் அதே தூரத்துக்கு 3,300 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மீட்டரில் இரண்டும் ஒன்று. தொட்டிக்குள் இருக்கும் ஆயிலுக்கு ஒன்றுக்கு மூன்று.

மணிக்கணக்கோடும் விஷயம் முடியவில்லை. நேராக ஓடும்போது குழாயில் சில பார் அழுத்தம்தான் இருக்கும். ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அங்கேயே பிடித்தால் 80 முதல் 120 பார் வரை ஏறிவிடும். லோடு வண்டியின் பின் டயரில் நாம் அடிக்கும் காற்று நாலரை பார் அளவுதான் என்பதை வைத்துப் பார்த்தால் அதன் வலு புரியும். அந்த உச்சத்தில் பம்புக்குள் இருக்கும் ரிலீஃப் வால்வு திறந்து, ஆயில் வேலை எதுவும் செய்யாமல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கொதிக்கிறது. மேனுவல்கள் ஐந்து நொடி, பத்து நொடிக்கு மேல் முழு ஒடிப்பில் பிடிக்காதே என்று எச்சரிப்பது இதற்காகத்தான். அப்போது பானெட்டுக்குள்ளிருந்து வரும் முனகல் பம்பின் புலம்பல்.

விடியற்காலை நாலு மணிக்குக் கோயம்பேட்டிலோ ஒட்டன்சத்திரத்திலோ நின்று பார்த்தால் ஒரு பிக்கப்பின் ஸ்டீயரிங் படும் பாடு தெரியும். இரண்டு லாரிக்கு நடுவே ஒரு சந்து. வண்டி அசையாமல் நிற்க, ஓட்டுநர் முழுக்க இடது பக்கம் ஒடிக்கிறார், ஓர் அடி பின்னால், பிறகு முழுக்க வலது பக்கம், ஓர் அடி முன்னால். நின்ற இடத்தில் டயரைத் தரையோடு தேய்த்துத் திருப்புவதைவிட ஸ்டீயரிங்குக்குக் கடினமான வேலை கிடையாது. மலைப்பாதையில் இது வேறு ரூபம் எடுக்கும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் என்ஜின் உறுமிக்கொண்டு ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டம் குறைவு, சூடு அதிகம், திருப்பமோ ஓயாது. அந்த வண்டியையும் சென்னை–திருச்சி சாலையில் நூல் பிடித்தாற்போல் போய்வரும் வண்டியையும் ஒரே அட்டவணையில் அடைப்பது எப்படி நியாயம்?

இந்த இடத்தில் ஓட்டுநர்களுக்கு ஒரு வார்த்தை. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க என்ஜினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. என்ஜின் நின்றால் பம்ப் நின்றது, பம்ப் நின்றால் பவர் போயிற்று. ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுவதில்லை என்பதால் திருப்ப முடியும்தான். ஆனால் லோடு வண்டியை வளைவில் வெறும் கை பலத்தில் திருப்ப வேண்டியிருக்கும். எந்த ஆயிலை ஊற்றியிருந்தாலும் அதற்கு மருந்தில்லை.

கெடுவது எப்படி

என்ஜின் ஆயிலைப்போல் இதற்குள் கரி சேர்வதில்லை. எரிபொருள் கலப்பதும் இல்லை. அதனால்தான் இது ஆண்டுக்கணக்கில் தாங்குகிறது, ‘ஆயுளுக்கும் போதும்’ என்ற பேச்சும் எழுந்தது. ஆனாலும் சூடு ஆயிலை மெல்ல ஆக்சிஜனேற்றம் செய்கிறது. நிறம் பழுப்பாகிறது, கருகிய வாடை வருகிறது, பிசுபிசுப்பான வார்னிஷ் படிகிறது. பம்பின் தகடுகள் உரசும்போது ஆயிலின் பிசுக்குத்தன்மையைக் காக்கும் கூட்டுப்பொருள்கள் அறுபட்டு, ஆயில் நீர்த்துப்போகிறது. ரப்பர் ஹோஸின் உட்சுவர் வயதாகித் துகள் துகளாக உதிர்கிறது. பம்பிலிருந்தும் ரேக்கிலிருந்தும் நுண்ணிய உலோகத்தூள் வருகிறது. இத்தனையையும் பிடிப்பதற்கு என்ஜினில் உள்ளதுபோல் நல்ல ஃபில்டர் பெரும்பாலான வண்டிகளில் இல்லை. தொட்டியின் அடியில் டீ வடிகட்டியைப்போல ஒரு மெல்லிய வலை இருக்கும், அவ்வளவுதான். சில தொட்டிகளில் அந்த வலையைக் கழற்றவும் முடியாது, அடைத்தால் தொட்டியையே மாற்ற வேண்டும்.

கெட்ட ஆயில் உடனே எதையும் நிறுத்துவதில்லை. அதுதான் ஏமாற்றுகிறது. துகள் கலந்த ஆயில், சீல்களின் விளிம்பை மாதக்கணக்கில் மெல்லத் தேய்க்கும். சூடேறி இறுகிய சீல் ஒரு நாள் கசியத் தொடங்கும். அப்போது செலவு ஆயிலோடு நிற்காது. ஒரு லிட்டர் ஆயில் சில நூறு ரூபாய். ரேக்கோ பம்போ மாற்றினால் அது பல ஆயிரம், அதோடு வண்டி நிற்கும் நாட்களின் வாடகை நஷ்டம் தனி.

ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்த ஆயில் எரிந்து குறைவதில்லை. தொட்டியில் அளவு இறங்கியிருந்தால் எங்கோ லீக் இருக்கிறது என்று பொருள். மாதம் ஒரு முறை கால் லிட்டர் ‘டாப்-அப்’ செய்துகொண்டு, “புது ஆயில்தான் போய்க்கிட்டே இருக்கே, தனியா எதுக்கு மாத்தணும்” என்று கேட்ட ஓட்டுநர் ஒருவரை எனக்குத் தெரியும். லீக்கை வளர்த்து ஆயில் மாற்றும் அந்த முறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ரேக் உள்ள வண்டியில் இரு ஓரத்திலும் இருக்கும் மடிப்பு ரப்பர் பூட்டைக் கையால் அழுத்திப் பார்த்தால் போதும். உள்ளே ஆயில் தளும்பினால் ரேக் சீல் போய்விட்டது.

எந்த ஆயில்

இந்தக் கேள்வியில்தான் குழப்பம் அதிகம். குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. பவர் ஸ்டீயரிங்குக்கென்று தனி ஆயில் முதலில் இல்லை. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்காக உருவான சிவப்பு ஆயிலையே, நாம் ஏடிஎஃப் என்று சொல்கிறோமே, அதையே இதற்கும் ஊற்றினார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1949இல் ‘டைப் ஏ’ என்று அதற்கொரு தரம் வகுத்தது. அன்றைய ஏடிஎஃப்பில் உரசலைச் சீராக்கச் சேர்த்த பொருள்களில் ஒன்று ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய். கடும் சூட்டிலும் பிசகாத எண்ணெய் என்று அதற்குப் பெயர். 1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கலத்தை அழிவின் விளிம்பில் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்ததோடு அந்த வழி அடைபட்டது. அதற்கு மாற்றுத் தேடி வேதியியலாளர்கள் பட்ட பாடுதான் அடுத்தடுத்து வந்த புதிய ஏடிஎஃப் தரங்களுக்கு ஒரு காரணம்.

ஜெனரல் மோட்டார்ஸின் ஏடிஎஃப் தரத்துக்கு டெக்ஸ்ரான் என்ற பெயர் 1967இல் வந்தது. டெக்ஸ்ரான் 2 1970களில், டெக்ஸ்ரான் 3 1993இல், டெக்ஸ்ரான் 6 2005இல். டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் தருவதை ஜெனரல் மோட்டார்ஸ் 2006 இறுதியோடு நிறுத்திவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. இன்று கடையில் ‘டெக்ஸ்ரான் 3 தரம்’ என்று எழுதி விற்கும் பாட்டிலுக்குப் பின்னால் அந்தக் கம்பெனியின் சோதனை இல்லை, ஆயில் தயாரிப்பாளரின் வாக்குதான் இருக்கிறது. ஆகவே டெக்ஸ்ரான் என்ற சொல்லை மட்டும் பார்த்து வாங்காமல், பெயர் தெரிந்த கம்பெனியின் ஆயிலாகப் பார்த்து வாங்குவது நல்லது. டெக்ஸ்ரான் 6 முந்தையதைவிடச் சற்று நீர்த்தது. பழைய பம்புக்கு அதை ஊற்றலாமா என்பதை மேனுவல்தான் சொல்ல வேண்டும்.

நம்மூர் பிக்கப்களில் பரவலாக ஊற்றுவது இந்தச் சிவப்பு ஏடிஎஃப்தான். அதை வைத்து எல்லாப் பிக்கப்புக்கும் இதுவே என்று முடிவுகட்டக் கூடாது. ஹோண்டா தன் வண்டிகளுக்கு, ரிட்ஜ்லைன் பிக்கப் உட்பட, தனி பவர் ஸ்டீயரிங் ஆயிலையே ஊற்றச் சொன்னது. அதில் ஏடிஎஃப்பை ஊற்றினால் சீல்கள் கெடும். அமெரிக்காவின் ராம் பிக்கப்கள் பலவற்றுக்கு ஏடிஎஃப்+4. ஐரோப்பிய வண்டிகள் பலவற்றுக்குப் பச்சை நிறத்தில் வரும் செயற்கை ஹைட்ராலிக் ஆயில். நிறம் என்பது சாயம் மட்டுமே, அது தரத்தின் அடையாளம் இல்லை. டெக்ஸ்ரானும் சிவப்பு, ஏடிஎஃப்+4உம் சிவப்பு. ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று எழுதிய பாட்டிலைக் கண்டால் நான் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவேன். தொட்டியின் மூடியிலும் மேனுவலிலும் எழுதியிருப்பதே கடைசி வார்த்தை.

மூடியைப் படிக்காததன் விலை எனக்குத் தெரியும். ஓர் இரவு லோடோடு வரும் வழியில் ஸ்டீயரிங் முனகியதால் ஒரு பட்டறையில் நிறுத்தினோம். பானெட்டுக்குள் பிரேக் ஆயில் தொட்டியும் பவர் ஸ்டீயரிங் தொட்டியும் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக். அரைத் தூக்கத்தில் இருந்த பையன் கையில் கிடைத்த பிரேக் ஆயிலை எடுத்து ஸ்டீயரிங் தொட்டியில் ஊற்றிவிட்டான். அருகில் நின்று டார்ச் அடித்தது நான்தான். முனகல் அடங்கியது என்று சந்தோஷமாகக் கிளம்பினோம். பிரேக் ஆயில் கிளைகால் இனம், ஸ்டீயரிங்குக்குள் இருப்பதோ மினரல் ஆயிலுக்கென்றே செய்த நைட்ரைல் ரப்பர் சீல்கள். சில வாரத்தில் அவை உப்பித் தளர்ந்து, ரேக்கின் இரண்டு பூட்டும் ஆயிலால் கனத்துத் தொங்கின. முதல் பெரிய செலவு அதுதான். இதன் மறுதலை இன்னும் பயங்கரம்: பவர் ஸ்டீயரிங் ஆயிலை பிரேக் தொட்டியில் ஊற்றினால் அங்கே உள்ள ரப்பர்கள் வீங்கி பிரேக்கே பிடிக்காமல் போகலாம். அப்படி ஊற்றிவிட்டது தெரிந்தால் வண்டியை நகர்த்தவே கூடாது.

மாற்றும் வகை

வழிகள் மூன்று. முதலாவது ஊசி முறை. மெடிக்கல் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்சின் முனையில் ஒரு மெல்லிய டியூபைச் செருகி, தொட்டியில் உள்ள பழைய ஆயிலை உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே அளவு புது ஆயிலை ஊற்றுவது. பிறகு சில நாள் ஓட்டிவிட்டு மறுபடியும் அதே வேலை. தொட்டியில் இருப்பது மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை செய்த பிறகு பழைய ஆயில் நூற்றுக்கு முப்பது பங்கு மிஞ்சும். ஆறு முறை செய்தால் ஒன்பது பங்குக்குக் குறையும். முழுச் சுத்தம் கிடைக்காது, ஆயிலும் அதிகம் செலவாகும். ஆனால் ஒரு ஹோஸைக்கூடக் கழற்ற வேண்டாம், உள்ளே காற்று புகாது, ஜாக்கி வேண்டாம். சொந்தமாக வேலை பார்க்கிறவர்களுக்கும், எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாத பழைய வண்டிகளுக்கும் இதைத்தான் சொல்வேன். பட்டறைக்காரர் பயப்படும் அந்த லீக் இம்முறையில் வருவது அபூர்வம்.

அவருடைய பயத்துக்கும் அடிப்படை உண்டு. புது ஆயில் நல்ல சீலை ஓட்டை போடுவதில்லை. இறுகிப்போன சீலைச் சுற்றி வருடக்கணக்கில் படிந்த அழுக்கே ஓரளவு அடைப்பாக நின்றிருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கழுவினால் ஏற்கனவே இருந்த நோய் வெளியே தெரிகிறது. பழி புது ஆயிலின் மேல் விழுகிறது.

இரண்டாவது, ரிட்டர்ன் ஹோஸ் முறை. இதில் ஏறக்குறைய முழு ஆயிலும் மாறும். தொட்டிக்கு இரண்டு ஹோஸ் வரும். பம்புக்குப் போவது ஒன்று, ரேக்கிலிருந்து திரும்பி வருவது இன்னொன்று. திரும்பி வருவதன் கிளிப்பைத் தளர்த்திக் கழற்றி, அதன் வாயை ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டு, தொட்டியில் திறந்த மூக்கை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டும் தரையில் படாமல் ஜாக்கியில் தூக்கி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை போட வேண்டும். சாவியை ஆன் நிலையில் வைத்தால்தான் ஸ்டீயரிங் பூட்டு விடும். என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைக் கடைசிவரை இந்தப் பக்கமும் கடைசிவரை அந்தப் பக்கமும் நிதானமாக ஒடிக்க ஒடிக்க, ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டனே பழைய ஆயிலைப் பாட்டிலுக்குத் தள்ளிவிடும். வெளியே நிற்பவரின் வேலை ஒன்றே ஒன்று: தொட்டி காலியாகாமல் புது ஆயிலை ஊற்றிக்கொண்டே இருப்பது. பாட்டிலில் விழும் ஆயில் கறுப்பிலிருந்து பழுப்பாகி, பழுப்பிலிருந்து சிவப்பாக மாறும்போது நிறுத்தலாம். இரண்டு லிட்டர் கையில் இருந்தால் கவலையில்லை.

என்ஜினை ஓட்டிக்கொண்டே இதைச் செய்பவர்களும் உண்டு. நொடியில் தொட்டி காலியாகிவிடும், பம்ப் ஆயில் இல்லாமல் காய்ந்து சுற்றும். அந்த ஒரு நொடியில் பம்பைக் கெடுத்துக்கொள்வதைவிட, பழைய ஆயிலோடேயே ஓடியிருக்கலாம்.

அடுத்து காற்று எடுப்பது. அவசரக்காரர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். ஹோஸை மாட்டி, ஆயிலை அளவுக்கு ஊற்றி, என்ஜின் அணைந்த நிலையிலேயே இருபது முறையாவது ஸ்டீயரிங்கை இப்புறமும் அப்புறமும் ஒடிக்க வேண்டும். தொட்டியில் குமிழி வந்து அடங்கும், அளவு இறங்கும், மறுபடி ஊற்ற வேண்டும். குமிழி நின்ற பிறகே ஸ்டார்ட் செய்யலாம். ஸ்டார்ட் செய்ததும் ஆயில் ரோஸ் மில்க் போல நுரைத்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. உடனே அணைத்து, அரை மணி நேரமோ ஒரு மணி நேரமோ அப்படியே விட்டால் நுரை தானாக மேலே வந்து உடையும். அந்த நுரையோடு ஓட்டினால் பம்ப் அழும், ஸ்டீயரிங் விட்டுவிட்டுப் பிடிக்கும். கடைசியாக அளவு பார்க்கும்போது தொட்டியில் சூட்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு ஒரு கோடு இருக்கும். சூடான ஆயில் விரியும் என்பதால், குளிர்ந்த ஆயிலைச் சூட்டுக் கோடுவரை ஊற்றினால் மூடி வழியாக வழியும். வழிந்தது சைலன்சர் மேனிஃபோல்டில் பட்டால் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

மூன்றாவது, சர்வீஸ் சென்டர் மெஷின். நல்ல கையில் இருந்தால் நல்லதுதான். ஆனால் பலர் அதோடு ஒரு கிளீனர் திரவத்தையும் ஊற்றச் சொல்வார்கள். வேண்டாம். அந்தத் திரவம் எதைக் கரைக்கும், கரைத்தது எந்த இண்டுக்குள் போய் நிற்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லீக்கை அடைக்கும் மருந்து என்று விற்பதும் சீலைச் செயற்கையாக உப்பவைக்கும் சமாச்சாரம். ஊர் போய்ச் சேர உதவலாம், வைத்தியம் ஆகாது. அந்தப் பணத்துக்கு ரிட்டர்ன் ஹோஸையும் கிளிப்புகளையும் புதிதாக வாங்கிப் போடுவது எவ்வளவோ மேல்.

அமெரிக்கப் பெரிய பிக்கப்களுக்கு மட்டும் ஒரு தனிக் குறிப்பு உண்டு. ஃபோர்டு எஃப்-250 டீசல் போன்றவற்றில் பிரேக்குக்கும் பவர் தருவது இதே பம்ப்தான். பெண்டிக்ஸ் கம்பெனி 1973இல் கொண்டுவந்த ஹைட்ரோ-பூஸ்ட் என்ற ஏற்பாடு அது. டீசல் என்ஜினில் வேக்குவம் இயல்பாகக் கிடைக்காது என்பதால் அந்த வழி. அவற்றில் ஆயில் மாற்றினால் ஸ்டீயரிங்கை ஒடித்தால் மட்டும் போதாது, பிரேக்கையும் பல முறை மிதித்துக் காற்றெடுக்க வேண்டும். நம் டீசல் பிக்கப்கள் பலவற்றில் ஆல்டர்னேட்டரோடு ஒட்டிய ஒரு வேக்குவம் பம்ப் அந்த வேலையைப் பார்ப்பதால் நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

எதற்கு மருந்து, எதற்கு இல்லை

ஸ்டீயரிங் கனத்தால் உடனே ஆயிலைக் குறை சொல்கிறோம். முன் டயரில் காற்று குறைந்தாலும் கனக்கும். பெல்ட் நழுவினாலும் கனக்கும், அதற்குக் கீச்சென்ற சத்தம் அடையாளம். பால் ஜாயின்ட் இறுகினாலும் கனக்கும். என் வண்டியின் இரண்டாவது பெரிய செலவு இப்படித்தான் வந்தது. கனத்த ஸ்டீயரிங்குக்கு ஆயிலை மாற்றினேன், பிறகு பம்பை மாற்றினேன், கடைசியில் ஒரு ஜாயின்ட் துருப்பிடித்திருந்தது தெரிந்தது. ஆயில் மாற்றுவது வருமுன் காக்கும் வேலை. வந்த நோய்க்கு அது பெரும்பாலும் கேட்காது.

ஆகவே என் கணக்கு இது. ஊருக்குள்ளும் மலையிலும் லோடு அடிக்கும் பிக்கப்புக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. நெடுஞ்சாலை வண்டிக்கு அதைப்போல் இரு மடங்கு காலம். ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் நடுவே ஆறு மாதத்துக்கு ஒரு முறை, திருப்பூர் பனியன் வேஸ்ட் பட்டறைக்குப் பட்டறை கிடக்கிறதே, அதில் ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து மூடியின் குச்சியைத் துடைத்துப் பார்க்க வேண்டும். தெளிந்த சிவப்பு என்றால் மூடிவிடலாம். பழுப்பென்றால் அடுத்த சர்வீஸில் மாற்றலாம். கறுத்து, கருகல் வாடையும் வந்தால் அந்த வாரமே மாற்ற வேண்டும். துணியில் மினுமினுப்பான தூள் ஒட்டினால் பம்போ ரேக்கோ தேய்கிறது, மெக்கானிக்கிடம் காட்டியாக வேண்டும்.

இந்தக் கேள்வியே இன்னும் சில வருடத்தில் பழங்கதை ஆகலாம். 2005இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, பவர் ஸ்டீயரிங் இல்லாமலேயே ஊரெல்லாம் ஓடியது. 2019இல் வந்த டாடா இன்ட்ராவிலோ எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங். அதில் பம்பும் இல்லை, ஆயிலும் இல்லை, மோட்டார்தான். ஃபோர்டு எஃப்-150 2011 மாடலிலேயே பெரும்பாலும் அதற்கு மாறிவிட்டது. ஆனால் இன்றைக்குச் சந்தையில் நிற்கும் டீசல் பிக்கப்களில் ஏராளமானவை ஹைட்ராலிக்தான், அவை இன்னும் பத்து வருடமாவது லோடு ஏற்றும்.

எடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையிலோ பட்டறை வாசல் மண்ணிலோ ஊற்றாதீர்கள். 2016இன் அபாயக் கழிவு விதிகளின்படி அது அபாயக் கழிவு. பாட்டிலில் பிடித்து, பழைய என்ஜின் ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். மாற்றிய தேதியையும் ஆயிலின் பெயரையும் தொட்டியின் மேல் பெயின்ட் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். அடுத்த முறை பானெட்டைத் திறப்பது தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஒரு பையனாகவும் இருக்கலாம்.